மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தீனி வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு, வெயில் காலத்தில் ஒரு மண்சட்டித் தண்ணீர் என்று பறவைகளுக்கு வைப்பது நம் ஊரில் பழைய வழக்கம். இப்போது கடையில் விற்கும் தொங்கு டப்பாக்களும் பால்கனிகளுக்கு வந்துவிட்டன. கூடவே, 'தீனி வைத்தால் பறவைகளுக்கு நோய் வரும், வைக்கவே கூடாது' என்ற எச்சரிக்கையும், 'வைக்காவிட்டால் குருவி இனமே அழிந்துவிடும்' என்ற உருக்கமான வேண்டுகோளும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் வருகின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதில் எவ்வளவு என்று பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், நல்லதா கெட்டதா?

தட்டுக்கு வரும் பறவைக்கு அன்றைய பொழுதுக்கு நல்லது. அதனால் அந்த இனம் பெருகுமா, காப்பாற்றப்படுமா என்று கேட்டால், தமிழ்நாட்டு நிலைமையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. நம் தட்டுக்கு வருபவை காகம், மாடப்புறா, மைனா, நடுவில் ஓர் அணில். எல்லாம் ஏற்கெனவே சௌக்கியமாக இருப்பவை. உதவி தேவைப்படும் பறவைகளில் பல தானியத்தைத் தொடுவதே இல்லை.

கெடுதல் எப்போது வருகிறது என்றால், கூட்டம் பெருத்து, தட்டு அழுக்காகி, அதே இடத்தில் மாதக்கணக்கில் தொடரும்போது. கொஞ்சமாக, சுத்தமாக வைப்பவர் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம். மூட்டை மூட்டையாகக் கொட்டுபவர் புண்ணியக் கணக்கு எழுதவும் வேண்டாம்.

வெளிநாடுகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்களாமே?

ஆமாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோட்டத்தில் தீனி வைப்பது பெரிய பொழுதுபோக்கு, பெரிய வியாபாரமும்கூட. ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிக்கடி என்ற சிறு பறவையை வைத்துச் செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. தீனி கிடைத்த பறவைகளில் 69 விழுக்காடு குளிர்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் தாண்டியவை 37 விழுக்காடுதான். ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசம் தெரிந்தது மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போன நாட்கள் அதிகம் இருந்த மாதங்களில். குளிர் மிதமாக இருந்த மாதங்களில் தீனி கிடைத்ததும் கிடைக்காததும் ஒன்றுபோலவே பிழைத்தன.

வட அயர்லாந்தில் குளிர்காலம் முழுக்க வேர்க்கடலை வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த புளூ டிட் குருவிகள் அடுத்த வசந்தத்தில் சற்று முன்னதாகவே முட்டையிட்டு, கூட்டுக்கு ஏறக்குறைய ஒரு குஞ்சு கூடுதலாக வளர்த்தன. 2008இல் வந்த முடிவு இது. ஐந்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அதே குருவிக்குக் கொழுப்பு உருண்டை வைத்தார்கள். அங்கே குஞ்சுகள் எடை குறைந்து, பிழைத்தவையும் குறைந்தன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் நடத்திய இன்னோர் ஆய்விலும் தீனி வைத்த இடங்களில் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. குளிரில் இறந்திருக்க வேண்டிய நோஞ்சான் பறவைகளும் தீனியால் பிழைத்து இனப்பெருக்கத்துக்கு வந்துவிடுகின்றன, அதனால் சராசரி இறங்குகிறது என்பது ஒரு விளக்கம். வெறும் கொழுப்பு சத்தான சாப்பாடு ஆகாது என்பது இன்னொன்று.

இதையெல்லாம் அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. அங்கே தீனியின் முதல் பயன் குளிரிலிருந்து காப்பது. நமக்கு மார்கழிப் பனி உண்டு, மைனஸ் 18 கிடையாது. ஊட்டியில்கூடக் கிடையாது. ஆக, அந்த ஊர் லாபத்தின் பெரும்பகுதி நமக்கு இல்லை. நஷ்டங்கள் மட்டும் நமக்கும் உண்டு.

தினமும் வைத்துப் பழக்கினால் பறவை சோம்பேறியாகி, இரை தேடவே மறந்துவிடாதா?

மறக்காது. அதே விஸ்கான்சினில் 25 ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த ஒரு காட்டில், திடீரென்று எல்லாத் தீனிப்பெட்டிகளையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காட்டுச் சிக்கடிகளும், தீனியையே பார்த்திராத பக்கத்துக் காட்டுச் சிக்கடிகளும் குளிர்காலத்தில் ஒரே அளவில்தான் பிழைத்தன. 1992இல் வெளியான ஆய்வு அது. தீனிப்பெட்டி இருந்த நாட்களிலும் அவை தங்கள் தேவையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அதில் எடுத்திருந்தன. மிச்சமெல்லாம் சொந்தச் சம்பாத்தியம்.

உங்கள் வீட்டு மைனாவும் அப்படித்தான். உங்கள் மாடி அதன் சுற்றில் ஒரு நிறுத்தம். அடுத்த தெருவில் டீக்கடை வாசல், அதற்கடுத்து ஆட்டுமந்தை, அப்புறம் குப்பைத்தொட்டி என்று அதற்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் தீனி இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது. தண்ணீர் மட்டும் கோடையில் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

நோய் பரவும் என்பது நிஜமா, பயமுறுத்தலா?

நிஜம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறச் சிறு பறவை தோட்டங்களில் சர்வசாதாரணம். 2005 வாக்கில் அவை கொத்துக் கொத்தாகச் சாக ஆரம்பித்தன. 'ட்ரைக்கோமோனாஸ்' என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான் காரணம். தொண்டையில் தங்கி, புண்ணாக்கி, விழுங்கவிடாமல் செய்துவிடும். பசியோடு இருக்கும் பறவை தீனித்தட்டை விட்டு நகராது. ஒரு மணியை எடுக்கும், விழுங்க முடியாது, எச்சில் பட்ட அந்த மணியைத் தட்டிலேயே துப்பும். அடுத்து வரும் பறவை அதைத் தின்னும். சில ஆண்டுகளில் சுமார் 43 லட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் 28 லட்சமாகக் குறைந்தது. 2021இல் அதை, அதிக அக்கறை தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில் பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீனிமேசைகளை விற்பதை நிறுத்திவைத்தது. தீனி வைக்கச் சொல்லி ஊருக்கே சொல்லிக்கொடுத்த சங்கம் அது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் வேறு கதை. 1994இல் வாஷிங்டன் நகருக்கு அருகே, கண் வீங்கி மூடிப்போன ஹவுஸ்ஃபிஞ்ச் பறவைகளை மக்கள் தங்கள் தீனிப்பெட்டிகளில் பார்த்தார்கள். கோழிகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி இந்தக் காட்டுப்பறவைக்குத் தாவியிருந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள் சி.ஆர்.டி. என்று சொல்லும் சளி நோய்க்கும் இதே கிருமிதான் காரணம். குழாய் வடிவத் தீனிப்பெட்டியில் தலையை நுழைக்கும் துளை இருக்கிறதல்லவா, நோயுற்ற பறவையின் கண்நீர் அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த பறவை அங்கேயே முகத்தை வைக்கிறது. சில ஆண்டுகளில் கிழக்கு அமெரிக்கா முழுவதும் பரவி, பல இடங்களில் அந்தப் பறவையின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. 2020-21 குளிர்காலத்தில் சால்மோனெல்லா பரவி பைன் சிஸ்கின் பறவைகள் செத்தபோது, மேற்கு மாநிலங்களில் தீனிப்பெட்டிகளை இறக்கிவைக்குமாறு அரசுத் துறைகளே கேட்டுக்கொண்டன.

நம் கதைக்கு வருவோம். அந்தத் தொண்டை ஒட்டுண்ணிக்கு உலகம் முழுக்க இயல்பான வீடு புறாக்கள்தான். புறா வளர்ப்பவர்களைக் கேட்டால் தொண்டைக்குள் மஞ்சளாகக் கட்டி பிடிப்பதைச் சொல்வார்கள். அந்தப் புறாவை அடித்துத் தின்னும் வல்லூறுக்கும் அது தொற்றும். நம் மாடித்தட்டில் யார் கூட்டமாக வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. மற்றவை பறந்த பிறகும் ஒரு பறவை மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல் உட்கார்ந்திருக்கும். அலகோரம் ஈரமாக, அழுக்காக இருக்கும். எடுத்த தானியம் வாயிலிருந்து நழுவும். நீங்கள் இரண்டடி தூரத்துக்கு வந்தும் பறக்காது. இப்படி ஒன்றைப் பார்த்தால் பாவம் என்று கூடுதலாகத் தீனி வைக்கக் கூடாது. செய்ய வேண்டியது நேர்மாறு: தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் எடுத்துக் கழுவிக் காயவைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் எதுவுமே வைக்காமல் இருங்கள். கூட்டம் கலைந்தால்தான் தொற்று அறும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்துப் புதையுங்கள். ஒரே பகுதியில் காகங்களோ மற்ற பறவைகளோ அடுத்தடுத்துச் செத்து விழுந்தால் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள், பறவைக்காய்ச்சலா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

எங்கள் மாடிக்குப் புறாக்களைத் தவிர எதுவும் வருவதில்லை. என்ன செய்வது?

நிறுத்துங்கள். ஒரு மாதமாவது.

கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மாடப்புறாவுக்கு நம் உதவி தேவையே இல்லை. அடுக்குமாடியின் ஏசி இடுக்கும் ஜன்னல் மேற்கூரையும் அதற்குப் பாறை முகடுகள். சோறும் கிடைத்தால் ஆண்டு முழுக்கக் குஞ்சு பொரிக்கும். அதன் எச்சமும் இறகுத்தூளும் காய்ந்து காற்றில் கலந்து, நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். ஹைப்பர்சென்சிடிவிட்டி நியுமோனைடிஸ் என்பார்கள். மும்பையில் இது அரசியலாகவே ஆகிவிட்டது. 2025 ஜூலையில் அந்த நகரத்தின் 51 கபூதர்கானாக்களை, அதாவது புறாக்களுக்குத் தானியம் போடும் பொது இடங்களை, மூட வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு சொன்னது. தாதரில் இருக்கும் புகழ்பெற்ற கபூதர்கானாவைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது, புறாவுக்கு உணவிடுவதைத் தர்மமாகக் கருதும் ஜைன சமூகத்தினர் திரண்டு எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இரண்டு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான புறாக்களை ஒரே சதுக்கத்தில் குவிப்பது புறாவுக்கே நல்லதில்லை என்ற வாதத்தை அந்தச் சண்டையில் யாரும் அதிகம் பேசவில்லை.

மற்ற பறவைகளுக்கும் இது இடைஞ்சல். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஓர் ஆய்வு. சில வீட்டுத் தோட்டங்களில் ஒன்றரை ஆண்டு ரொட்டியும் தானியமும் வைத்தார்கள், சிலவற்றில் வைக்கவில்லை. வைத்த இடங்களில் வெளியிலிருந்து வந்து குடியேறிய சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகின. புழுபூச்சி தின்னும் உள்ளூர்ச் சிறு பறவையான கிரே வார்ப்ளர் குறைந்தது. இத்தனைக்கும் அது தட்டுப்பக்கமே வருவதில்லை. அங்கே அந்நியனான புள்ளிப்புறா இங்கே நம் சொந்த ஊர்க்காரன் என்பது வேறு விஷயம். பாடம் ஒன்றுதான்: தானியம் தானியம் தின்பவர்களைத்தான் வளர்க்கும்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வைப்பதானால், தட்டைத் தவிர்த்து, புறா உட்கார இடமில்லாத சிறிய தொங்கு டப்பாவில் தினையோ சாமையோ ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள். கீழே சிந்துவதையும் அன்றன்றே பெருக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புறா கீழே நின்றே சாப்பிட்டுக்கொள்ளும், இரவில் எலி வரும்.

சிட்டுக்குருவி குறைந்துவிட்டதே, அதற்காகவாவது தீனி வைக்க வேண்டாமா?

வைக்கலாம், ஆனால் அதனால் குருவி திரும்பிவிடாது. இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி எண்ணிக்கை ஓரளவு நிலையாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூர், மும்பை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்து வந்திருக்கிறது என்று இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் காரணங்களே போதும். ஓட்டு வீட்டின் இடுக்குகளும் மின்மீட்டர் பெட்டி மறைவும் போய் வழவழப்பான கான்கிரீட் வந்தது. வாசலில் அரிசி புடைப்பதும், மளிகைக் கடையில் சாக்கு அவிழ்த்து வைத்து விற்பதும் நின்றன. பச்சரிசி மாவுக் கோலத்தின் இடத்தைக் கல்மாவு பிடித்தது. வேலிச்செடி போய் மதில் வந்தது.

இதில் பலரும் மறப்பது பூச்சியை. பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழுவும் பூச்சியும்தான் வேண்டும், கம்பு கொடுத்து வளர்க்க முடியாது. லண்டனின் புறநகரில் இதைச் சோதித்தார்கள். கூடுகளுக்கு அருகே உயிருள்ள புழுக்களை வைத்தபோது கூடுதல் குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. ஆனால் அடுத்த ஆண்டுகளில் கூடுகட்டும் ஜோடிகள் பெரிதாக அதிகரிக்கவில்லை. புழுவே வைத்தும் கதை அவ்வளவுதான் என்றால், தானியம் என்ன செய்துவிடும்?

குருவி ஏற்கெனவே இருக்கும் தெருவில் நீங்கள் செய்யக்கூடியது உண்டு: ஒரு மரப்பெட்டி அல்லது அட்டைப்பெட்டிக் கூடு, பக்கத்தில் ஒரு மருதாணிப் புதர், மருந்து அடிக்காத செடிகள். அறுவடையில் நெற்கதிர்க் கொத்தைக் கொண்டுவந்து முற்றத்திலோ நிலைப்படியிலோ தொங்கவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தொடருங்கள். ஆடும் கதிரில் குருவி தொற்றிக்கொண்டு கொறிக்கும், கனத்த புறாவால் அது முடியாது. கடையில் விற்கும் பாதி டப்பாக்களைவிட உருப்படியான வடிவமைப்பு அது.

காக்கைக்குச் சோறு வைப்பதும் தப்பா?

அமாவாசைக்கும் திதிக்கும் வைக்கும் ஒரு பிடி, கனுப்பொங்கலன்று மஞ்சள் இலையில் வைக்கும் உருண்டைகள், இவற்றால் உலகம் புரண்டுவிடாது. காக்கை வந்து எடுத்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நிம்மதி. அதில் தலையிட எனக்கு விருப்பமும் இல்லை.

தினமும் ஒரு குண்டான் பழைய சோறு என்றால்தான் யோசிக்க வேண்டும். காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். வீட்டைச் சுற்றிக் காகக் கூட்டம் பெருத்தால், உங்கள் செம்பருத்தியில் கூடு கட்டிய சின்னானும் தையல்சிட்டும் குஞ்சு வளர்ப்பது கஷ்டம். குயிலுக்கு மட்டும் கொண்டாட்டம், முட்டை வைக்கக் காகக்கூடு நிறையக் கிடைக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்கே சோறு வைத்தார்களே? அது நல்ல முன்னுதாரணம்தானே?

அருமையான கேள்வி. பட்சி தீர்த்தம் என்று பெயர் வாங்கிய அந்த மலையில், உச்சிப்பொழுதில் அர்ச்சகர் பாறையில் சர்க்கரைப் பொங்கல் வைக்க, இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வந்து சாப்பிட்டுப் போகும். பார்க்கக் கூட்டம் கூடும். அவை மஞ்சள்முகப் பாறு எனும் பிணந்தின்னிக் கழுகு வகை. தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தக் காட்சி 1990களோடு நின்றுபோனது. இப்போது கழுகுகள் வருவதில்லை.

அந்தக் காலகட்டத்தில் இந்தியா முழுவதுமே பாறுகள் மளமளவென்று சரிந்தன. முக்கியக் காரணம் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து. மருந்து போட்ட மாடு செத்தால், அதன் இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 2004இல் இது கண்டுபிடிக்கப்பட்டு, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. குன்றத்து ஜோடிக்கு என்ன ஆயிற்று என்பதை இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஓர் இனத்தின் கழுத்தை வேறு எங்கோ இருந்து ஏதோ நெரிக்கும்போது, பாறையில் வைக்கும் பொங்கல் அதைக் காப்பாற்றாது.

சரி, வைப்பதென்றால் எதை வைக்கலாம்?

கம்பு, தினை, சாமை, சோளம், அரிசிக் குருணை. உப்பில்லாத வெறும் சோறும் பரவாயில்லை, மாலைக்குள் எடுத்துவிட வேண்டும். பழம் தின்னும் பறவைகளுக்குப் பாதி கொய்யா, கனிந்த பப்பாளித் துண்டு.

பச்சை அரிசி வயிற்றில் ஊறி, உப்பி, பறவை வெடித்துவிடும் என்பது கட்டுக்கதை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1985இல் இதை நம்பித் திருமணங்களில் அரிசி தூவுவதைத் தடைசெய்ய ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். தூக்கணாங்குருவியும் சில்லையும் வயலில் எதைத் தின்கின்றன என்று தஞ்சாவூர்க்காரர் யாரையாவது கேட்டிருக்கலாம்.

மிக்சர், சிப்ஸ், ஊறுகாய் பட்ட சோறு வேண்டாம், உப்பைச் சமாளிக்கும் திறன் சிறு பறவைகளுக்குக் குறைவு. பிரெட் வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது. வேர்க்கடலையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நமுத்துப்போய், சிக்கு வாடை அடிக்கும் கடலையை 'நாம்தான் தின்னவில்லை, பறவையாவது தின்னட்டும்' என்று கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் வளரும் பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்லாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று செத்த பிறகுதான் அப்படி ஒரு நஞ்சு இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. நாம் தின்னாததைப் பறவைக்கும் வைக்க வேண்டாம்.

தட்டு, டப்பா, கழுவுவது பற்றி?

கொட்டாங்குச்சி போதும், பழசானால் தூக்கிப் போட்டுவிடலாம். எதில் வைத்தாலும் காலையில் வைத்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு வையுங்கள். மிஞ்சினால் அளவு அதிகம் என்று பொருள். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காயவிட்டு மறுபடி எடுங்கள். அந்தத் தொண்டை ஒட்டுண்ணிக்கு ஈரம் வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். நம் வெயில் இதில் நமக்குப் பெரிய துணை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தத் துணை கிடையாது. தானியம் நனைந்து முளைவிட்டு, அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அந்த இரண்டு மாதமும் தீனியை நிறுத்திவிடுவது மேல். மழை பெய்தால் பூச்சிக்கும் பஞ்சமில்லை.

தண்ணீர் வைப்பதிலும் ஆபத்து உண்டா?

தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் என் ஓட்டு. தானியம் தின்னாத பறவைகளும் தண்ணீருக்கு வரும். தேன்சிட்டு, சின்னான், தவிட்டுக்குருவிக் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தால் மரங்கொத்தியும் வரும். அக்னி நட்சத்திர நாட்களில் இதன் பயன் நேரடியாகத் தெரியும்.

வாயகன்ற, ஆழமில்லாத மண்சட்டியாக, நிழலில் இருக்கட்டும். இரண்டு அங்குலத் தண்ணீர் போதும். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சிறு பறவை நின்று குடிக்கும். எவர்சில்வர் வெயிலில் கொதிக்கும். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். வெறுமனே தண்ணீரை மாற்றுவது போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, ஈர விளிம்பில் ஒட்டிவைக்கிறது. மிளகுத்தூள் தூவியதுபோல் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். கையை விட்டுத் தேய்த்தால்தான் போகும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டுக்கு வைக்கும் பழக்கத்தைப் பார்த்து இங்கேயும் விற்கிறார்கள். நம் வெயிலில் சர்க்கரைக் கரைசல் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். தேன் கலந்தால் இன்னும் மோசம். ஒரு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி, முடிந்தால் ஒரு முருங்கை வையுங்கள். பூவில் தேன் மட்டுமா, சிலந்தியும் பூச்சியும் கிடைக்கும். தேன்சிட்டு தன் குஞ்சுக்குக் கொடுப்பது அவற்றைத்தான்.

கண்ணாடி ஜன்னலில் மோதிச் செத்துவிடுகின்றனவே?

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 98 கோடிப் பறவைகள் வரை கட்டடக் கண்ணாடிகளில் மோதிச் சாவதாக 2014இல் ஒரு மதிப்பீடு வந்தது. தீனியைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது நன்றாகத் தள்ளி வையுங்கள். ஒரு மீட்டருக்குள் என்றால் பறவை வேகமெடுக்க இடமில்லை, மோதினாலும் பிழைக்கும். நடுத்தரத் தூரம்தான் கொல்லும். கண்ணாடியின் வெளிப்புறம் சோப்பால் நெருக்கமாகக் கோடு போட்டாலும் வேலை செய்யும். பூனை பதுங்க இடமில்லாத இடமா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

சென்னையில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்குச் சோறு வைக்கிறார்களே, அப்படி நாங்களும் செய்யலாமா?

இராயப்பேட்டைக் காட்சியைச் சொல்கிறீர்கள். மாடியில் பலகைகளில் ஊறவைத்த அரிசியை வரிசையாக வைக்க, மாலையில் மாடியே பச்சையாகிவிடும். பார்க்கப் பிரமாதம்தான், பல ஆண்டு உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அத்தனை பறவைகள் தோளோடு தோள் உரசும் இடத்தில் ஒரு தொற்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். அந்த அளவுக்குக் கூட்டம் சேர்ப்பதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று, தட்டுக்கு வரும் கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எச்சத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். எப்படிச் சமாளிப்பது?

அவர் மாடியில் காயும் வடகத்தின் மேலும் ஸ்கூட்டர் சீட்டின் மேலும் எச்சம் விழுகிறது என்றால் அவர் சொல்வது நியாயம். முதலில் அளவைப் பாதியாக்குங்கள். பொதுச் சுவரிலிருந்து எடுத்து உங்கள் பக்கம், உங்கள் கொடிக்கயிற்றுக்கு அருகே வையுங்கள். எச்சம் உங்கள் துணியில் விழ ஆரம்பித்தால் எவ்வளவு வைப்பது சரி என்று சீக்கிரம் தெரிந்துவிடும். அவர் வீட்டில் ஆஸ்துமாக்காரரோ நுரையீரல் பிரச்சினை உள்ள பெரியவரோ இருந்தால் தீனியை அறவே நிறுத்திவிட்டு, தண்ணீர்ச் சட்டியை மட்டும் கீழே செடிகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.